நீர்வண்ணப் பட்டறைக்கு வாங்கிய சாமான்கள்: எது தேறியது, எது தேறவில்லை

நீர்வண்ணம் கற்க வருகிறவர்களுக்கு மட்டமான பொருளைக் கொடுப்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. "முதல்ல கை பழகட்டும், நல்ல சாமான் அப்புறம் வாங்கிக்கலாம்" என்பார்கள். பென்சில் ஓவியத்துக்கு அது சரி. நீர்வண்ணத்துக்குச் சரிப்படவே படாது. இதில் பாதி வேலையைத் தண்ணீர் செய்கிறது, அந்தத் தண்ணீரை ஏந்தி நிற்பது காகிதம். காகிதம் காலை வாரினால் தேர்ந்த கையும் திணறும். புதிதாக வருகிறவர்களோ தங்களுக்கு இது வராது என்று முடிவுகட்டிவிட்டு, பிரஷ்ஷை எடுத்துப் பரணில் போட்டுவிடுவார்கள். எனக்கு இது உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம்.

பெரியவர்களுக்கான தொடக்கநிலைப் பட்டறை ஒன்றை வார இறுதிகளில் நடத்துகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்கூடத்தோடு வண்ணத்தை மறந்தவர்கள். முன்பெல்லாம் பட்டியலைக் கொடுத்து அவரவரே வாங்கிவரச் சொல்வேன். ஆளுக்கொரு காகிதம், ஆளுக்கொரு வண்ணம் என்று வந்து சேரும். பக்கத்தில் இருப்பவருக்கு வந்தது தனக்கு ஏன் வரவில்லை என்று ஒவ்வொருவரும் குழம்புவார்கள். இந்த முறை எல்லாருக்கும் சேர்த்து நானே வாங்கினேன். வாங்குவதற்கு முன் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்துச் சோதித்தும் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கடைக்குப் போனதும் முதலில் கண்ணில் படுவது 'தொடக்கநிலை செட்' என்று மொத்தமாகக் கட்டி விற்கும் பெட்டி. ஒன்று வாங்கிப் பார்த்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், இந்த வகைப் பெட்டிகள் பலவும் ஒரே அச்சுதான். 24 வண்ண வில்லைகள், சில பிரஷ்கள், ஒரு சின்ன காகிதப் புத்தகம். ஈரப் பிரஷ்ஷால் வில்லையை எவ்வளவு தேய்த்தாலும் சுண்ணாம்பு கலந்த மாதிரி வெளிறிய நிறம்தான் வந்தது. என்ன நிறமி (நிறம் தரும் பொடி) என்ற குறிப்பு பெட்டியிலும் இல்லை, வில்லையிலும் இல்லை. காகிதம் 180 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம் கனம். ஒரு வாஷ் (தண்ணீர் நிறையச் சேர்த்த வண்ணத்தைப் பரவலாகப் பூசுவது) போட்டதும் அலை அலையாக எழும்பி, பள்ளங்களில் எல்லாம் வண்ணம் குட்டை கட்டி நின்றது. பிரஷ்ஷின் முடி அந்தக் குட்டையிலேயே உதிர்ந்தது. 24 நிறங்களுக்குப் பதிலாக நல்லதாக ஆறு கொடுத்திருக்கலாம். யாருக்காவது பரிசளிக்க நினைத்தாலும் இந்தப் பெட்டியை வாங்காதீர்கள். வரைய ஆசைப்படுகிற ஒருவரின் ஆசையை அணைப்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

காகிதத்துக்கு வருகிறேன். இருக்கிற பணத்தில் பெரும்பங்கு இங்கேதான் போக வேண்டும். நீர்வண்ணக் காகிதம் ஒன்று மரக்கூழில் செய்ததாக இருக்கும், அல்லது பருத்தி இழையில் செய்ததாக இருக்கும், இரண்டும் கலந்தும் வரும். மரக்கூழ்க் காகிதத்தில் தண்ணீர் மேலேயே நிற்கும், ஒரு பக்கம் காயும்போது மறுபக்கம் ஈரமாக இருக்கும். காய்ந்துகொண்டிருக்கும் இடத்துக்குள் ஈரம் திரும்பப் பாய்ந்தால் காலிஃபிளவர் போலக் கறை விழும். மேலே இரண்டாவது அடுக்கு போட்டால் கீழே இருப்பது கரைந்து மேலே வந்துவிடும். பருத்திக் காகிதம் தண்ணீரை உள்ளே வாங்கி, பரப்பு முழுவதும் சமமாக வைத்துக்கொள்கிறது. யோசிக்க நேரம் கிடைக்கிறது. முதல் அடுக்கு நன்றாகக் காய்ந்தபின் அடுத்ததைப் போட்டால் அடியில் இருப்பது அசையாது. பழகியவர்கள் மரக்கூழ்க் காகிதத்தை வைத்தும் சமாளிப்பார்கள், ஏனென்றால் அது எப்போது காயும் என்று அவர்களுக்குத் தெரியும். நல்ல காகிதம் அதிகம் தேவைப்படுவது புதியவர்களுக்குத்தான். நடைமுறையோ இதற்கு நேர்மாறாக இருக்கிறது.

முந்தைய வகுப்பு ஒன்றில் பணி ஓய்வு பெற்ற ஒரு அம்மா வந்திருந்தார். வீட்டிலிருந்து ஸ்கெட்ச் புத்தகம் கொண்டுவந்திருந்தார். வானத்துக்கு வாஷ் போடும்போதெல்லாம் கோடு கோடாகக் காய்ந்தது. "என் கை நிதானமா இல்லம்மா, வயசாயிடுச்சு" என்றார். என்னிடம் மிச்சமிருந்த பருத்திக் காகிதத்தில் ஒரு துண்டைக் கொடுத்து, அதே பிரஷ், அதே நீலம், அதே வேகத்தில் போடச் சொன்னேன். மேலே அடர்ந்து, கீழே வரவர வெளுத்து, ஒரு கோடு கூட இல்லாமல் இறங்கியது. அவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். எல்லாருக்கும் பருத்திக் காகிதம்தான் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு அவரும் ஒரு காரணம்.

கனம் 300 ஜிஎஸ்எம்முக்குக் குறையக் கூடாது. பழைய கணக்கில் இதையே 140 பவுண்டு என்பார்கள். இதுவும் முழுக்க நனைத்தால் லேசாக வளையும். நான்கு பக்கமும் டேப் ஒட்டிப் பலகையில் பிடித்துவைத்தால் காயும்போது பெரும்பாலும் தானே நிமிர்ந்துவிடும். 640 ஜிஎஸ்எம் கொஞ்சமும் அசையாது, ஆனால் பட்டறைக்கு அது தேவையில்லாத செலவு. மேல்பரப்பில் ஹாட் பிரஸ் வழவழப்பாக இருக்கும், வண்ணம் வழுக்கிக்கொண்டு ஓடும். ரஃப் மிகவும் சொரசொரப்பு. இடைப்பட்ட கோல்டு பிரஸ்தான் பழகுகிறவர்களுக்கு ஏற்றது. காய்ந்த பிரஷ்ஷை வேகமாக இழுத்தால் மினுமினுப்பு கிடைக்கும், ஈரப் பிரஷ்ஷை நிதானமாக இழுத்தால் வழவழப்பான வாஷ் கிடைக்கும்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்று சைஸிங். காகிதம் மைஉறிஞ்சித் தாள் போல ஆகிவிடாமல் இருக்கச் சேர்க்கும் பசை. இதற்கு ஜெலட்டினைப் பயன்படுத்தும் முறையைக் கொண்டுவந்ததே 13ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ஃபாப்ரியானோ நகரத்துக் காகிதக்காரர்கள்தான். அதே பெயரில் இன்று வரும் ஃபாப்ரியானோ ஆர்டிஸ்டிக்கோவில் விலங்கு ஜெலட்டின் இல்லை. இந்த விஷயத்தில் அக்கறை உள்ளவர்கள் வகுப்பில் இருந்தால் தாராளமாக அதையே கொடுக்கலாம், வேலையில் எந்தக் குறையும் இல்லை. பிரான்சில் செய்யும் ஆர்ஷ் காகிதத்தில் ஜெலட்டின் உள்வரை ஊறியிருக்கும். நனைத்தால் லேசாக ஒரு வாடை வரும், முதல் தடவை நனைப்பவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள், பயப்பட ஒன்றுமில்லை. நான் சோதித்ததில் மிகவும் தாங்கியது இதுதான். ஈரப் பிரஷ்ஷால் வண்ணத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்து எடுத்தேன், டேப் ஒட்டி உரித்தேன், பரப்பில் பஞ்சு கிளம்பவே இல்லை. இங்கிலாந்தின் சாண்டர்ஸ் வாட்டர்ஃபோர்டு பரப்பு கொஞ்சம் மென்மையானது. ஈரக் காகிதத்தில் ஈர வண்ணம் விடும்போது ஓரங்கள் கலையும் விதம் அதில் அவ்வளவு அழகு. மேகமும் பனியும் வரைகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

பட்டறைக்கு நான் வாங்கியது இந்த மூன்றும் அல்ல, சீனத்துப் பாவ்ஹாங்கின் அகாடமி வகை. நூற்றுக்கு நூறு பருத்தி, 300 ஜிஎஸ்எம். மேலே சொன்ன பெயர்களோடு வைத்துப் பார்த்தால் விலை கணிசமாகக் குறைவு. வாஷ் சமமாகப் பரவுகிறது, மூன்று அடுக்கு வரை கலங்காமல் நிற்கிறது. பழகுகிறவர் கை தாராளமாக ஓட வேண்டும், 'ஐயோ, விலை உயர்ந்த காகிதம்' என்ற பயம் வந்தால் கை சுருங்கிவிடும். தரத்துக்கும் பயத்துக்கும் நடுவில் எனக்குச் சரியாகப் பட்டது இது. இதோடு ஆளுக்கு ஒரு துண்டு ஆர்ஷும் வைத்தேன், வித்தியாசம் என்ன என்று அவர்களே உணரட்டும் என்று.

முழுத் தாளாக வாங்குவதே லாபம். அளவு 56க்கு 76 சென்டிமீட்டர். மூன்று முறை மடித்துக் கிழித்தால் எட்டுத் துண்டு, ஒவ்வொன்றும் 19க்கு 28. பயிற்சிக்கு இதைவிடப் பெரிது வேண்டாம். கத்தரிக்கோல் வைக்காமல், மடித்த கோட்டை இரண்டு பக்கமும் நகத்தால் அழுத்தி, ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு கிழித்தால் ஓரம் அழகாக இருக்கும். இணையத்தில் வாங்குவதாக இருந்தால் சுருட்டி அனுப்புகிறார்களா, தட்டையாக அனுப்புகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு விற்பனையாளரிடமிருந்து எனக்கு வந்த கட்டில் மூலைகள் எல்லாம் நசுங்கியிருந்தன. நசுங்கிய இடத்தில் இழை உடைந்துவிடும், அங்கே வண்ணம் கரும்புள்ளியாக இறங்கும். ஈரமான அறையில் பல நாள் கிடந்த காகிதத்துக்கும் இதே கதி. சைஸிங் கெட்டுப்போய், வாஷ் போட்டதும் அம்மைத் தழும்பு மாதிரி புள்ளிகள் கிளம்பும். வாங்கும்போது ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்க அனுமதி கேளுங்கள். சொட்டு கொஞ்ச நேரமாவது உருண்டு நிற்க வேண்டும். விட்ட உடனே உள்ளே போய்விட்டால் அந்தக் கட்டு வேண்டாம்.

பிரஷ் விஷயத்தில் என் கருத்து இன்னும் கறார். செட்டாக வாங்கவே வேண்டாம். பட்டறைக்கு ஆளுக்கு இரண்டு போதும்: உருண்டைத் தலை பிரஷ் பத்தாம் எண் ஒன்று, ஒரு அங்குலத் தட்டை பிரஷ் ஒன்று. சின்னப் பிரஷ்ஷைக் கொடுத்தால் புதியவர்கள் இலை இலையாக எண்ணி வரைய உட்கார்ந்துவிடுவார்கள். பெரியதைக் கொடுத்தால்தான் மரம் மரமாக வரும். நல்ல பத்தாம் எண் பிரஷ்ஷின் நுனியால் மெல்லிய கோடும் போட முடியும், அதனால் சின்னது தேவைப்படுவதே அபூர்வம்.

சைபீரிய மரநாய் இன விலங்கின் வால்முடியில் செய்யும் கோலின்ஸ்கி சேபிள் பிரஷ்தான் உயர்ந்தது என்பதில் சந்தேகமில்லை. வயிறு நிறையத் தண்ணீர் பிடிக்கும், நுனி ஊசி மாதிரி நிற்கும், அழுத்திவிட்டு எடுத்தால் உடனே நிமிரும். ஆனால் இன்று செயற்கை முடி எவ்வளவோ முன்னேறிவிட்டது. டா வின்சி கசானியோவை எடுத்துக்கொள்ளுங்கள். அணில் முடியைப் போலச் செய்த செயற்கை இழை. மென்மையாக, நிறையத் தண்ணீர் ஏந்தி வருகிறது, ஒரே முக்கில் அரைத் தாள் வானத்தை முடிக்கலாம். சேபிள் போலத் துள்ளாது, அதனால் கோடு போடுவதற்கு மட்டும் கொஞ்சம் பழக வேண்டும். வகுப்புக்கு இதைவிட எளிய செயற்கைப் பிரஷ்தான் வாங்கினேன். வாங்கியது எண்ணைப் பார்த்து அல்ல. ஒருவருடைய எட்டு இன்னொருவருடைய பத்து அளவு இருக்கும், எண்ணுக்கு எல்லாருக்கும் பொதுவான அளவு கிடையாது. உலோகக் குழலின் விட்டத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

நான் வழக்கமாகப் போகும் கடைக்காரர் கேட்காமலேயே ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்து வைத்தார். நல்ல கடைக்கு அதுதான் அடையாளம். புது பிரஷ்ஷின் நுனியைக் காப்பதற்குப் பசை தடவிக் கூராக்கி வைத்திருப்பார்கள், அந்தக் கூரை நம்பக் கூடாது. தண்ணீரில் அலசிப் பசை போனதும் மணிக்கட்டால் ஒரு சுண்டு சுண்ட வேண்டும். முடி தானாகவே ஒற்றை நுனியாகச் சேர்ந்தால் எடுத்துக்கொள்ளலாம். இரண்டாகப் பிரிந்தால் வைத்துவிடலாம். ஒரே நிறுவனம், ஒரே எண் என்று கட்டாக இருந்தவற்றிலும் சில பிரிந்தன. ஒவ்வொன்றாக அலசிப் பார்த்து எடுக்க நேரம் ஆனது, அவர் முகம் கோணவில்லை.

வண்ணத்தில் எல்லாரும் நிறத்தின் பெயரைப் பார்க்கிறார்கள். பெயர் அலங்காரம். ட்யூபின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் நிறமிக் குறியீடுதான் உள்ளே இருப்பது என்ன என்பதைச் சொல்லும். பிபி 29 என்றால் அல்ட்ராமரைன், யார் செய்தாலும் அதே நிறமி. ஒரே ட்யூபில் இரண்டு மூன்று குறியீடுகள் இருந்தால் அது ஏற்கெனவே கலந்த நிறம், மேற்கொண்டு கலக்கும்போது சீக்கிரம் சேறாகும். அதனால் ஒற்றை நிறமி ட்யூபுகளாகவே ஆறு எடுத்தேன். மஞ்சளுக்கு பிஒய் 154, சிவப்புப் பக்கத்துக்குப் பிவி 19 குயினாக்ரிடோன் ரோஸ், நீலத்துக்கு அல்ட்ராமரைனும் பிபி 15 தாலோ நீலமும், மண் நிறத்துக்கு எல்லோ ஓக்கரும் பர்ன்ட் சியென்னாவும். பர்ன்ட் சியென்னாவைச் சிலர் பிபிஆர் 7 என்ற நிறமியிலும் சிலர் பிஆர் 101லும் செய்கிறார்கள், இரண்டும் நன்றாகவே இருக்கும். கறுப்பு வாங்கவில்லை. அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியென்னாவும் சேர்ந்தால் வருகிற சாம்பல் நிறத்துக்கு முன்னால் கடைக் கறுப்பு நிற்காது. மழைமேகம், ஈரச் சாலை, பழைய மரக்கதவு, நிழல் எல்லாம் அந்த இரண்டிலிருந்தே வந்துவிடும். அல்ட்ராமரைனின் துகள்கள் காகிதத்தின் குழிகளில் தங்கி, பொடிப் பொடியாகத் தெரிவதை வகுப்பில் எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தான் மலையில் வெட்டிய நீலக்கல்லை அரைத்துத்தான் இந்த நீலம் கிடைத்தது. செயற்கையாகச் செய்யும் முறைக்காக 1828இல் பிரான்சில் கிமே என்பவருக்குப் பரிசு கொடுத்த பிறகுதான் சாதாரண ஓவியருக்கும் எட்டியது. இன்று பெரும்பாலான நிறுவனங்களின் விலைப் பட்டியலில் மலிவான வரிசையில் இருக்கும் நிறம் இதுதான்.

கலைஞர் தர வண்ணமா, மாணவர் தர வண்ணமா என்று கேட்பார்கள். மாணவர் தரத்தில் நிறமி குறைவு, நிரப்புப் பொருள் அதிகம், விலை உயர்ந்த நிறமிகளுக்குப் பதிலாக வேறொன்றை வைத்து 'ஹியூ' என்று பெயர் போடுவார்கள். ஆனாலும் எல்லா மாணவர் தரமும் ஒன்றல்ல. வின்சர் அண்ட் நியூட்டனின் காட்மன் வரிசையில் ட்யூபிலேயே நிறமிக் குறியீடு இருக்கிறது, தாலோ நீலம் போன்ற வீரியமான நிறங்கள் அதில் நன்றாகவே நிற்கின்றன. கையில் பணம் குறைவு என்றால் காகிதத்தை இறக்காமல் வண்ணத்தை இந்த அளவுக்கு இறக்கிக்கொள்ளலாம். நான் ரோஸையும் மஞ்சளையும் மட்டும் கலைஞர் தரத்தில் வாங்கினேன். இந்த இரண்டும் தெளிவாக இல்லாவிட்டால் கலக்கிற ஆரஞ்சும் பச்சையும் மங்கிவிடும்.

தவிர்க்க வேண்டிய சிலதையும் சொல்லிவிடுகிறேன். பழைய அலிசரின் கிரிம்சன், பிஆர் 83, வெளிச்சத்தில் வெளுக்கும். கண்ணைப் பறிக்கும் ஆப்ரா ரோஸில் இருக்கும் ஒளிரும் சாயம் இன்னும் சீக்கிரம் போய்விடும். படம் சுவரில் மாட்டுவதற்கு என்றால் இந்த இரண்டும் வேண்டாம். நம்பிக்கை வராவிட்டால் ஒரு பட்டை பூசி, பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடி, வெயில் படும் ஜன்னலில் ஒட்டிவைத்துப் பாருங்கள். சில வாரங்களில் ஜன்னலே பதில் சொல்லும்.

ட்யூபைத் திறந்ததும் வெறும் பிசின் தெளிவாக வழிந்தால் பயப்பட வேண்டாம், நிறமி அடியில் தங்கியிருக்கிறது. பல்குத்தும் குச்சியால் கிளறினால் சேர்ந்துவிடும். மூடி ஒட்டிக்கொண்டால் வெந்நீரில் கொஞ்ச நேரம் பிடித்தால் போதும், இடுக்கியால் திருகினால் ட்யூபே முறுக்கிக் கிழியும்.

மிச்சப்படுத்த வேண்டிய இடங்களும் உண்டு. வண்ணம் கலக்கும் தட்டு அதில் முதல். புது பிளாஸ்டிக் தட்டில் வண்ணம் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும், என்ன நிறம் கலந்தோம் என்றே தெரியாது. வீட்டில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் தட்டில் அந்தத் தொல்லை இல்லை, கழுவினால் கறையும் போய்விடும். எல்லாரையும் அதையே கொண்டுவரச் சொன்னேன். தண்ணீருக்கு அகன்ற வாய் டப்பா இரண்டு, ஒன்று கழுவ, ஒன்று சுத்தத் தண்ணீர் எடுக்க. பழைய பருத்தித் துணி. பென்சில் எச்பி. அதைவிட மென்மையானது வாஷில் கலங்கும், கடினமானது காகிதத்தைக் கீறும். அழிக்க மாவு மாதிரிப் பிசையும் ரப்பர்தான் வேண்டும், சாதாரண ரப்பர் மேல்பரப்பைத் தேய்த்துவிடும். டேப்பை, காகிதம் முழுக்கக் காய்ந்த பிறகு, படத்திலிருந்து வெளிப்புறமாகச் சாய்த்து மெதுவாக உரிக்க வேண்டும்.

வெள்ளையாக விட வேண்டிய இடத்தில் வண்ணம் படாமல் மறைத்துவைத்து, பிறகு உரித்தெடுக்கும் மாஸ்கிங் திரவத்தில் மட்டும் மிச்சம் பார்க்காதீர்கள். ரப்பர் பாலில் அம்மோனியா சேர்ந்தது. வாசனை கொஞ்சம் தூக்கும், ஜன்னலைத் திறந்துவையுங்கள். குலுக்கினால் நுரைத்துக் கட்டி தட்டும், மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும். பழைய பிரஷ் ஒன்றை சோப்பில் நன்றாக முக்கிவிட்டு அதன்பின் தொடுங்கள், இல்லாவிட்டால் முடியில் ரப்பராக இறுகிப் பிரஷ் குப்பைக்குப் போகும். ஈரக் காகிதத்தில் போட்டால் இழையோடு ஒட்டிக்கொண்டு, உரிக்கும்போது பரப்பையும் பிய்த்துக்கொண்டு வரும், வெயிலில் வைத்தாலும் பல நாள் விட்டாலும் அப்படியே. வாங்கும்போது பாட்டிலைச் சாய்த்துப் பாருங்கள். பால் மாதிரி ஓடினால் புதுசு. திரிந்தது போல உருண்டைகள் தெரிந்தால் எந்த நிறுவனமாக இருந்தாலும், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.